அகர வரிசையில் ஏழு வாய்

எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் கண்ணுகளா? கழுத்து பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தவருக்கு இப்போது தலை திரும்புகிறதா? முட்டிவலிக்காரர்கள் கொஞ்சம் எழுந்து நடக்கிறீர்களா? உடம்பு முக்கியம். கதை எங்கேயும் ஓடிப்போகாது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் எங்கே விட்டோம்? வீட்டின் பின்னறையில் பல் செட் செய்கிற மருமகள். பக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக அவள் புருஷன். கம்பெனி கம்பெனியாகப் போய், 'நேரமே இல்லை' என்று அலறுகிறவர்களுக்குக் கவனத்தைக் குவிப்பது எப்படி, நேரத்தை ஆள்வது எப்படி என்று பாடம் எடுக்கிறவர். வெளியில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவதே 'கவனம் சார்' என்றுதான்.

அந்தக் கவனம் சார் பேச்சைக் கேட்டுத்தான், வாயை அளவெடுத்து மாவில் வார்த்த ஒவ்வொரு அச்சின் அடியிலும் அவள் கத்தியால் எண் கீறுகிற வேலையை விட்டாள். "தட்டுலதான் சீட்டு இருக்கே, எதுக்கு ரெண்டு வேலை? வீணாப்போற நேரம்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. உங்களில் பாதிப் பேர் அவர் பக்கம்தான் எழுதியிருந்தீர்கள். இந்த வாரத்தையும் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அன்றைக்குப் பொழுது விடிந்ததே சண்டையில்தான்.

"இன்னிக்கு நாலு மணிக்கு உன் ரூம் வேணும்" என்றார் கவனம் சார், பல் தேய்த்துக்கொண்டே.

"என் ரூமா? எதுக்கு?"

"ஆன்லைன் கிளாஸ். முப்பது மேனேஜருங்க. வெளிச்சம் அங்கதான் நல்லா விழுது. இவங்களுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா வருஷம் பூரா அந்தக் கம்பெனி எனக்குத்தான்."

"அஞ்சு மணிக்கு போன்காரம்மாவோட செட்டு டாக்டர்கிட்ட போகணும். தெரியுமில்ல?"

"அப்ப மூணரைக்கே முடிச்சிடு. பிளான் பண்ணா முடியும். பிளான் பண்றதே இல்லையே நீ."

"போன தடவை உங்க ரெக்கார்டிங்குன்னு மெஷினை நிறுத்தச் சொன்னீங்க. நிறுத்தினேன். அதுக்கு முந்தின தடவை ஏதோ மௌன நேரம்னீங்க. அதுக்கும் நிறுத்தினேன். ரெண்டு தடவையும் டாக்டரம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது யாரு? நீங்களா, நானா?"

கூடத்திலிருந்து மாமியார் குரல் வந்தது. "ஆரம்பிச்சாச்சா? ஆம்பளை நல்ல காரியத்துக்குக் கிளம்பறப்போ குறுக்க நிக்கறதே பொழப்பாப் போச்சு. பெரிய பல்லு டாக்டரம்மா!"

"டாக்டரம்மான்னு நான் எப்பவும் சொல்லிக்கிட்டதில்லை அத்தை."

"அதான் நான் சொல்றேனே."

போன்காரம்மா யார் என்று கேட்பீர்கள். போனில் ஆள் பிடித்து வியாபாரம் பேசுகிற வேலை அந்த அம்மாளுக்கு. பல் முழுக்க எடுத்தாகிவிட்டது. செட் வரும்வரை வார்த்தை குழறுகிறது, ஆபீசில் சம்பளமில்லாத விடுப்பு. இன்றைக்கு மெழுகில் பல் பதித்துக் கொடுத்தால் வாயில் வைத்துப் பார்த்துச் சரி சொல்வார்கள். பல் டாக்டரம்மாவும் முன்னாலேயே சொல்லிவிட்டார், இன்னொரு தடவை தாமதமானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. மருமகளுக்கு வருகிற வேலை முழுக்க அந்த ஒரே கிளினிக்கிலிருந்துதான்.

பதிக்க வேண்டிய பற்கள் கிளினிக்கில் இருந்தன. வாங்கிவரப் போனாள். அங்கே கூட்டம். திரும்பி வரும்போது மதியம் ஆகிவிட்டது.

பின்னறைக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேஜை பளபளத்தது. மாவுத் தூசி இல்லை, மெழுகுத் துணுக்கு இல்லை. ஆளுக்கு ஒன்றாக இருந்த ஏழு தட்டுகளும் கழுவிக் கவிழ்த்து ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. ஜன்னல் ஓரம் மேல்தாடை அச்சுகள் ஏழும் வரிசை பிடித்து நின்றன. எதிர் அலமாரியில் கீழ்த்தாடை அச்சுகள் ஏழு. மேலும் கீழும் எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க ஒவ்வொருவரும் கடித்துக் கொடுத்த மெழுகுகள் எல்லாம் ஒரே கிண்ணத்தில். எல்லாமே பல் இல்லாத வாய்களின் அச்சு. ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் சட்டென்று தெரியாது.

"எப்படி?" என்றார் கவனம் சார், பின்னால் வந்து. முகமெல்லாம் சிரிப்பு. "நீ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு ஒரே மூச்சா உட்கார்ந்தேன். ஒரே மாதிரிப் பொருள் ஒரே இடத்துல. இதைத்தான் எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கறேன்."

"சீட்டு எங்க?"

"அதையும் தூக்கிப் போடலை, பயப்படாதே." கிளிப் போட்ட காகிதக் கட்டை நீட்டினார். "அகர வரிசையில அடுக்கியிருக்கேன் பாரு. இனிமே யாரை வேணும்னாலும் ஒரே நொடியில எடுக்கலாம்."

"எடுத்து?"

"என்ன எடுத்து?"

"பேரை எடுத்துடுவேன். அந்தப் பேருக்குரிய வாயை எங்கேருந்து எடுப்பேன்?"

அவருக்குப் புரியவில்லை. புரிந்தபோது சிரிப்பு மெல்ல இறங்கியது. ஆனாலும் ஒத்துக்கொள்ள மனசு வருமா?

"அடியில நம்பர் இருக்குமே?"

"நீங்கதானே கீற வேண்டாம்னீங்க! வாட்ச்சை வச்சுக்கிட்டு என் தலைக்கு மேல நின்னு சொன்னது யாரு?"

"நான் சொன்னா நீ யோசிக்க மாட்டியா? உன் வேலை, உனக்குத் தெரியணும்."

"ஓஹோ. செய்யறப்போ உங்க மூளை, கெட்டுப்போனா என் வேலையா?"

மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "ஏம்மா, காலைலேருந்து சாப்பிடாமக்கூட உன் மேஜையைத் துடைச்சிருக்கான் என் பிள்ளை. தட்டெல்லாம் நான்தான் கழுவினேன். ஒரு நல்ல வார்த்தை வருதா உன் வாயில?"

"கழுவினது நீங்களா அத்தை? ரொம்ப நல்லது. அம்மாவும் பிள்ளையுமாச் சேர்ந்து ஏழு பேர் வாயைக் கலந்து வச்சிருக்கீங்க."

"கலந்து வச்சாங்களாம்! மாவு பொம்மைக்கு இவ்வளவு பேச்சு!"

பேசிக்கொண்டிருந்தால் மணி போய்விடும். மருமகள் உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து ஒரு மெழுகை எடுத்தாள். அந்த மெழுகு எந்த மேல் அச்சில் ஆடாமல் உட்காருகிறதோ அதுவும், எந்தக் கீழ் அச்சில் உட்காருகிறதோ அதுவும் ஜோடி. அதற்கப்புறம் 'இடப்பக்கம் எலும்பு தேய்வு', 'மேலண்ணம் பள்ளம்' என்று டாக்டரம்மா சீட்டுகளில் எழுதியிருக்கும் குறிப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். முடியாத வேலை இல்லை. நேரம் பிடிக்கிற வேலை.

"உட்காருங்க" என்றாள், தலை நிமிராமல்.

"எனக்கு கிளாஸுக்கு ஸ்லைடு பாக்கி இருக்கு."

"நீங்க பிரிச்சது. நீங்களும் சேர்த்துட்டுப் போங்க."

கவனம் சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி. இருபத்தஞ்சு நிமிஷம். ஒரு சுத்து. அதுக்கு மேல கேட்காதே."

முதல் ஜோடி அவள் கையில் சேர்ந்தது. இரண்டாவதும். அதற்குள் அவர் போன் மூன்று தடவை முணுமுணுத்தது. மூன்று தடவையும் எடுத்துப் பார்த்தார்.

"அதை வெளியில வச்சிட்டு வாங்களேன்."

"கம்பெனிக்காரங்க. லிங்க் அனுப்பச் சொல்றாங்க. ரெண்டு செகண்டு."

"ஒரு நேரத்துல ஒரு வேலைன்னு ஊர் பூரா சொல்றீங்க."

"எனக்குப் பாடம் எடுக்காதே."

ஒரு கையில் கீழ்த்தாடை அச்சு. மறு கையில் போன். கட்டைவிரலால் லிங்க் அனுப்பிக்கொண்டே அச்சை மேஜையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தார்.

தரையில் விழுந்து மூன்று துண்டாகப் போனது.

மருமகள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். சேர்த்துப் பிடித்தாள். கிண்ணத்தில் இருந்த மெழுகுகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். நாலாவது மெழுகு உட்கார்ந்தது. அதற்குரிய மேல் அச்சைத் தேடினாள், சீட்டைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"யாருது?" என்றார் அவர், சின்னக் குரலில்.

"போன்காரம்மாது."

"ஒட்டிடலாம். நல்ல பசையா வாங்கிட்டு வரேன். கோடுகூடத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது. அந்த அம்மா ஈறுக்குத் தெரியும். மயிரிழை நகர்ந்தாலும் புண்ணாயிடும்."

"அப்ப டாக்டர்கிட்ட, நீங்க குடுத்த அளவே சரியில்லை, மறுபடி எடுங்கன்னு சொல்லு. யாருக்குத் தெரியப்போகுது?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை அவர் திட்டியிருக்கிறார், கேலி செய்திருக்கிறார். அடுத்தவர் தலையில் பழியைப் போடச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"இதையும் கிளாஸுல சொல்லிக்குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

டாக்டரம்மா எடுத்ததும், சுற்றி வளைக்காமல் சொன்னாள். "அம்மா, இன்னிக்கு செட் வராது. அச்சு உடைஞ்சு போச்சு. உங்க அளவுல தப்பு இல்லை. எங்க வீட்டுல மேஜையை ஒழுங்கு பண்றேன்னு எல்லாத்தையும் கலைச்சுட்டாங்க. அதுல உடைஞ்சது. மத்த ஆறும் பத்திரமா இருக்கு, ஜோடி சேர்த்துக்கிட்டிருக்கேன்."

"இது மூணாவது தடவை" என்றார் டாக்டரம்மா. "உன் கைவேலையில எனக்குக் குறை கிடையாது. உன் வீடுதான் எனக்கு ஒத்துவரலை. ஒரு நாள் ரெக்கார்டிங்குங்கறாங்க, ஒரு நாள் மௌன நேரங்கறாங்க, இன்னிக்கு உடைச்சே வச்சிருக்காங்க. இனிமே அந்த வீட்டுக்கு என் வேலை போகாதும்மா."

"வேற இடத்துல உட்கார்ந்து செய்தா?"

"எங்க?"

"பார்க்கறேன்."

"பார்க்கறேன்னு சொன்னா போதாது. இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள விலாசம் சொல்லு. அந்த அம்மாவுக்கு மறுபடி அளவெடுத்து நாளைக்குக் காலைல அங்கயே அனுப்பறேன். மதியத்துக்குள்ள பல் பதிச்சுக் குடு. விலாசம் வரலைன்னா மீதி ஆறையும் திருப்பி அனுப்பிடு."

அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ஊரின் மறுகோடியில், முன்பல் ஒன்றில் தங்கம் கட்டிய ஆள் நடத்துகிற லேப். 'தங்கப்பல்' என்றால்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் வேலை பார்த்தவள். "அந்த ஆளுகிட்ட எல்லாம் போகாதே, வீட்டுலயே வச்சுக்கோ" என்று நிறுத்தினதும் கவனம் சார்தான்.

"மேஜை ஒண்ணு சும்மாத்தான் கிடக்கு" என்றார் தங்கப்பல் போனில். "அஞ்சு மணிக்கு ஷட்டரை இறக்கிடுவேன். அதுக்குள்ள வந்தா பேசலாம்."

மீதி ஜோடிகளைச் சேர்த்தாள். சாப்பாட்டுக்கு மாமியாரும் கூப்பிடவில்லை, அவளும் போகவில்லை. ஆறாவது தட்டில் ஆறாவது சீட்டை வைத்தபோது, கவனம் சார் சட்டை மாற்றி, தலை வாரி, லேப்டாப்பும் கையுமாக வந்துவிட்டார். வாசலில் வாடகை வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"அது யாருக்கு?"

"எனக்கு. தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு தங்கப்பல் லேபுக்குப் போறேன். இனிமே அங்கதான் வேலை."

"கேட்கணும்னு தோணலை?"

"ரூமைக் கலைக்கறப்போ நீங்க என்கிட்ட கேட்டீங்களா?"

அவர் பல்லைக் கடித்தார். "சரி, போ. கிளாஸ் முடியட்டும். அஞ்சு மணிக்குப் போ."

"அஞ்சு மணிக்கு அங்க ஷட்டர் இறங்கிடும்."

"இது என் வாழ்க்கை, புரியுதா? இந்தக் கம்பெனி வாசல்ல எத்தனை மாசம் நின்னிருப்பேன்!"

"நானும் டாக்டரம்மா வாசல்ல நின்னுட்டுதான் வந்திருக்கேன்."

"கேமராவுக்கு நேரா கதவு இருக்கு. நீ போனா என் பின்னாடி தெரியும்."

"அப்ப நீங்க கூடத்துக்குப் போங்க."

"அங்க வெளிச்சம் இல்லை!"

மணி நாலு. லேப்டாப்பில் முகங்கள் ஒவ்வொன்றாக முளைக்க ஆரம்பித்தன. கவனம் சார் சட்டென்று சிரித்த முகத்துக்கு மாறி நாற்காலியில் உட்கார்ந்தார். "வணக்கம், வணக்கம். உங்க எல்லாருக்கும் நேரம் பத்தலை. அதானே பிரச்சினை?"

மருமகள் முதல் தட்டைத் தூக்கினாள். இரண்டாகச் சேர்த்து எடுக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. இன்றைக்கு இன்னொரு ஜோடி கலந்தால் அவ்வளவுதான். இரு கையாலும் ஏந்திக்கொண்டு, கண்ணை அச்சிலிருந்து எடுக்காமல், அவருக்குப் பின்னால் நடந்து கதவைத் தாண்டினாள். வண்டியில் துணி விரித்து வைத்தாள். திரும்பி வந்தாள். இரண்டாவது தட்டு.

மூன்றாவதற்கு வந்தபோது லேப்டாப்பிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சார், பின்னாடி ஒரு லேடி போயிட்டுப் போயிட்டு வர்றாங்களே?"

கவனம் சாரின் காது மடல் சிவந்ததை அவள் பின்னாலிருந்து பார்த்தாள்.

"பார்த்துட்டீங்களா?" என்றார் அவர், கொஞ்சமும் குரல் மாறாமல். "அதுதான் பயிற்சி. உங்க கவனம் எங்கிட்ட நிக்குதா, அங்க போகுதான்னு பார்க்கத்தான்."

"ஓ! அவங்க யாரு சார்?"

"நம்ம உதவியாளர்."

அவள் நின்றாள். வாயில் நாலு வார்த்தை வந்து நின்றது. கையில் யாரோ ஒருவருடைய வாய் இருந்தது. வார்த்தையை முழுங்கிவிட்டு நடந்தாள்.

கூடத்தில் மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "போ, போ. நல்லதாப் போச்சு. அந்த ரூமுல என் கட்டிலைப் போட்டுக்கறேன்."

"போட்டுக்கோங்க அத்தை. வெளிச்சம் நல்லா விழும். உங்க பிள்ளை கிளாஸ் எடுக்கறப்போ மட்டும் இருமிடாதீங்க."

"எகத்தாளத்துக்குக் குறைச்சல் இல்லை!"

ஆறாவது தட்டும் ஏறியது. வண்டி கிளம்பியபோது, ஜன்னல் வழியாகக் கவனம் சார் குரல் கணீரென்று கேட்டது: "மனசை ஒரே இடத்துல நிறுத்துங்க!"

லேபில் தங்கப்பல் பாதி ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, வந்துட்டேன்."

"பார்த்தேன், உள்ள வா. அந்த மூலை மேஜை உனக்கு. ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். வேலை நடக்கற இடத்துக்கு வெளி ஆள் யாரும் வரக்கூடாது. என் பொண்டாட்டியே வாசலோட சரி. பேச்சு, வேடிக்கை, விருந்தாளி எதுவும் ஆகாது. அது நடந்தா அன்னிக்கே தட்டைத் தூக்கிக் கையில குடுத்துடுவேன்."

"என்னைத் தேடி யாரண்ணே வரப்போறாங்க?"

டாக்டரம்மாவுக்கு விலாசம் அனுப்பினாள். "காலைல அச்சு வந்துடும். மதியம் எனக்கு செட் வேணும்" என்று பதில் வந்தது. மூலை மேஜைமேல் ஆறு தட்டையும் இடைவெளி விட்டு வைத்தாள். அன்றைக்கு அப்போதுதான் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வந்தது.

போன் அடித்தது. அவர்தான்.

"ஏய், கிளாஸ் பிரமாதம்!" குரலில் அப்படி ஒரு துள்ளல். காலையில் சண்டை போட்ட ஆளா இது? "எல்லாருக்கும் அந்தப் பயிற்சிதான் பிடிச்சிருக்காம். அவ்வளவு பேச்சுலயும் அந்த லேடி கண்ணு தட்டை விட்டு அசையலையேன்னு அந்தக் கம்பெனியோட பெரிய மேடமே கேட்டாங்க. ஒரு வருஷம் எனக்குத்தான்னு சொல்லிட்டாங்க!"

"சந்தோஷம். அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து பிளான் பண்ணதுன்னு சொன்னேன்."

"அச்சை உடைச்சதும் பிளான்தானா?"

"பழசை விடேன். கேளு. அவங்களுக்கு உன்னை நாளைக்கே நேர்ல பார்க்கணுமாம். கவனமா வேலை செய்யறது எப்படின்னு உன் பக்கத்துல நின்னு பார்க்கணுமாம்."

"நான் வரமாட்டேன். நாளைக்குக் காலைல எனக்கு வேலை இருக்கு."

"நீ எதுக்கு வரணும்? அதெல்லாம் நான் யோசிச்சுட்டேன். உனக்கு நேரம் வீணாகக் கூடாதுன்னுதான், அவங்களையே அங்க வரச் சொல்லிட்டேன். லேப் விலாசம் அனுப்பியாச்சு. காலைல பத்து மணி. முப்பது பேரும் வர்றாங்க."

"ஐயோ, யாரைக் கேட்டு அனுப்பினீங்க?" என்றாள் அவள். அந்தப் பக்கம் போன் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

தங்கப்பல் அவளை வாசலுக்கு அழைத்து, மாற்றுச் சாவியை அவள் கையில் வைத்தார். "காலைல நீயே வந்து திறந்துக்கோ. நான் பத்து மணிக்கு வந்துடுவேன்."

அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அவர் ஷட்டரை இறக்கிவிட்டார்.

நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா, அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுப்பாளா, முப்பது பேரைத் துரத்துவாளா? உங்கள் வீட்டில் உங்கள் நேரத்தை மிச்சம் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது கிளம்பியிருக்கிறார்களா? உங்கள் மேஜையை, உங்கள் தையல் பெட்டியை, உங்கள் கடைக் கல்லாவை 'ஒழுங்கு' பண்ணினார்களா? அன்றைக்கு என்ன ஆனது, நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன சொல்ல நினைத்து முழுங்கினீர்கள், ஒன்று விடாமல் எழுதி அனுப்புங்கள். முழுங்கினதைக் கட்டாயம் எழுதுங்கள்.